ஜிகினா இல்லாத தவளை

கண்ணாடியைத் துணி போட்டு மூடி வைத்திருந்தார்கள். அதனால்தான் எல்லாம் வந்தது. கண்ணாடி திறந்திருந்தால் என் கன்னத்தை நானே பார்த்துத் துடைத்திருப்பேன், ஒருத்தர் வாயிலும் விழுந்திருக்க மாட்டேன்.

எங்கள் முஸ்லிம் குடும்பங்களில் புருஷன் இறந்து மவுத்தாகிவிட்டால் பெண்டாட்டி நாலு மாதம் பத்து நாள் வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது. அதை இத்தா என்போம். வெள்ளைச் சேலைதான் உடுத்த வேண்டும். பூ, வாசனை, கண்ணுக்குச் சுர்மா ஒன்றும் கூடாது. வெளி ஆண்கள் கண்ணில் படக் கூடாது. கண்ணாடியை மூடுவது மார்க்கத்தில் இருக்கிறதோ இல்லையோ, எங்கள் குடும்பத்தில் வழக்கம். என் மாமியார் இத்தா இருந்தபோதும் மூடினார்கள். எனக்கும் மூடினார்கள்.

எங்கள் வீடு கடைக்குப் பின்னால் இருக்கிறது. கள்ளக்குறிச்சியில் பஸ் போகிற சாலையில் முன்பக்கம் கடை. பக்கெட்டு, குடம், கயிறு, தார்ப்பாய், ஒரு ஓரமாக மீன் பிடிக்கிற சாமான்கள். கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு திரை. திரைக்கு இந்தப் பக்கம் ஒரு அறை, அடுப்படி, அப்புறம் பின்கட்டு. பின்கட்டில் ஒரு சிமெண்டுத் தொட்டியும் ஆள் உயரத்துக்கு மேலே சுவரும். இவ்வளவுதான். நான் எழுத்துக் கூட்டி எழுதுகிறவள், மெதுவாகத்தான் எழுதுவேன். ஆனால் இந்த இடத்தை எழுத அதிகம் எழுத்து வேண்டியதில்லை.

தவளையைச் சொல்ல வேண்டும்.

விரால் பிடிக்கிறவர்கள் இப்போது மண்புழுவைக் கோத்துக்கொண்டு காத்திருப்பதில்லை. நீளக் கம்பும் சக்கரமும் வாங்கிக்கொள்கிறார்கள். நூல் முனையில் ரப்பர் தவளை, ரப்பர் புழு, ரப்பர் மீன் என்று ஏதாவது ஒன்றை முள்ளில் மாட்டித் தூர வீசிச் சுற்றுகிறார்கள். உயிருள்ளது என்று நினைத்து விரால் பாய்கிறது. அந்த ரப்பர் நம் காது மடலைப் போல மெதுவாக இருக்கும். விராலுக்கோ பல் ஜாஸ்தி. நாலு கடியில் தவளைக்குக் கால் போய்விடும், இல்லை முள் குத்திய மூக்கு கிழிந்துவிடும். கிழிந்ததைக் கரையில் வீசிவிட்டு வந்து புதுசு கேட்பார்கள். என் வீட்டுக்காரருக்கு எதையும் எறியப் பொறுக்காது. "கிழிஞ்சத அங்க போடாதீங்கப்பா, இங்க கொண்டாங்க" என்பார். ஒரு பிஸ்கட் டப்பா நிறையக் காலும் வாலும் சேர்த்து வைத்தார். சேர்த்ததை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியாது.

நான் ஒருநாள் அதைப் பழைய அலுமினியக் கரண்டியில் போட்டு அடுப்பில் காட்டினேன். வந்தது பார் ஒரு புகை! தொண்டை எரிந்தது, கண் பிதுங்கியது. அவர் கடையிலிருந்து ஓடி வந்து, "வூட்ட கொளுத்தறியா?" என்று கத்தினார். மறுநாள் பின்கட்டில், காற்று என் முதுகுப் பக்கமிருந்து வீசும்போது, மூக்கில் ஈரத்துணி கட்டிக்கொண்டு சின்னத் தீயில் வைத்தேன். கருகவில்லை. பாகு போல இளகியது. ஒரு சொட்டுத் தண்ணீர் இருந்தாலும் வெடித்துத் தெறிக்கும் என்பதை என் கைத் தழும்பு சொல்லும். அச்சுக்கு, அறையின் உட்கூரையில் பூசுகிறார்களே அந்த வெள்ளை மாவைக் கரைத்து, அதில் ஒரு நல்ல தவளையை அழுத்தி எடுத்தேன். காய்ந்த பிறகு ஊசியால் சுரண்டி, தவளையின் கணுக்காலை மெலிசாக்கினேன், பாதத்தை அகலமாக்கினேன். கடைத் தவளை அப்படி இருக்காது. கணுக்கால் மெலிந்தால்தான் இழுக்கும்போது பாதம் பட்பட்டென்று தண்ணீரை அடிக்கும்.

இன்னொன்றும் கண்டுபிடித்தேன். எல்லாத் துண்டும் ஒரே மாதிரி இல்லை. புழுவின் வாலும் மீனின் வாலும் இளசு. தவளையின் உடம்பு கொஞ்சம் முற்றல். விரலால் கிள்ளிப் பார்த்தால் தெரியும். இளசை ஒரு டப்பாவிலும் முற்றலை இன்னொரு டப்பாவிலும் பிரித்து வைத்தேன். முதலில் இளசை உருக்கிக் காலுக்கு ஊற்றுவேன். அந்தச் சூடு ஆறுவதற்குள் முற்றலை உடம்புக்கு ஊற்றுவேன். அப்போதுதான் கால் ஆடும், மூக்கு கிழியாது. பல நிறம் கலந்து உருகினால் எப்படியும் சேற்று நிறம்தான் வரும். அந்தக் கருப்பில் வயிற்றுப் பக்கம் மட்டும் கொஞ்சம் பொன் ஜிகினா தூவுவேன். கடைசியில் சோம்பைத் தேங்காய் எண்ணெயில் காய்ச்சி, அதைத் தடவிப் பையில் போடுவேன். மீனுக்கு அந்த வாசனை பிடிக்கும் என்று வாங்குகிறவர்கள் பேசிக்கொண்டதைக் கேட்டுத்தான் அதுவும் செய்தேன்.

நான் கேட்டேனே தவிரப் பார்த்ததில்லை. அவர்கள் மீன் பிடிக்கிற கோமுகி அணையையும் பார்த்ததில்லை, அதில் என் தவளை ஓடியதையும் பார்த்ததில்லை. செய்து முடித்ததும் நூல் கட்டிச் சிமெண்டுத் தொட்டியில் இழுத்துப் பார்ப்பேன். பாதம் அடிக்கும். போதும், கடைக்குப் போகலாம் என்று கொடுத்துவிடுவேன்.

கடையில் அதற்குப் பேர் பாய் தவளை. கச்சிராயபாளையத்திலிருந்து வருவார்கள், தியாகதுருகத்திலிருந்து வருவார்கள். "பாய், உங்க கையே கை" என்பார்கள். இவர் சிரிப்பார். நான் திரைக்கு இந்தப் பக்கம் கைத்தழும்பில் எண்ணெய் போட்டுக்கொண்டிருப்பேன்.

ஒரு தடவை கேட்டே விட்டேன். "நான் செஞ்சதுன்னு சொன்னா இன்னா கொறஞ்சி பூடும்?"

"கொறயாது. நாலு பேரு கடையில நின்னுக்கினு உன்னப் பத்திப் பேசுவானுங்க. அது தேவையா நமக்கு?"

"தவளயப் பத்திதானே பேசுவாங்க."

"தவளயில ஆரம்பிப்பானுங்க" என்றார்.

அவர் கெட்டவர் இல்லை. வெந்நீர் வைத்துக் கொடுப்பார், என் முட்டிக்குத் தைலம் தேய்ப்பார். ஆனால் அந்த ஒரு வார்த்தையை அவர் வாயிலிருந்து என்னால் வாங்க முடியவில்லை. வாங்காமலே அவர் போய்விட்டார். அழுதேன். அழும்போதே கோபமும் இருந்தது. இரண்டும் ஒன்றாக இருக்குமா என்று கேட்காதீர்கள். இருந்தது.

இத்தாவில் உட்கார்ந்து நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதுவதும் முடிந்தது. என் மகன்தான் கடையில். தாடியில் நரை விழுந்தவன், மாடியில் பெண்டாட்டி பிள்ளைகளோடு குடி இருக்கிறான். அன்று வெள்ளிமலையிலிருந்து ஜீப் ஓட்டிக்கொண்டு வருகிறவர் கடைக்கு வந்தார். குரலை வைத்துத்தான் எனக்கு அவரைத் தெரியும். மலையிலிருந்து ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்புகிற வழியில் கோமுகி அணையில் இரண்டு வீச்சு வீசாமல் போகமாட்டார்.

"இன்னா பாய், அந்தத் தவள இருக்குதா?"

"இல்லண்ணே. தீந்து போச்சி."

"எப்ப வரும்?"

மகன் குடங்களை நகர்த்தி வைக்கிற சத்தம் கேட்டது.

"எங்க வரப்போவுது" என்று ஜீப்காரரே சொன்னார். "பெரிய பாயி போனாரு, அதோட தவளயும் போச்சி. அந்தக் கை இனிமே யாருக்கு வரும்?"

நான் என் கையைப் பார்த்தேன். மடியில் சும்மா கிடந்தது. திரைக்கும் எனக்கும் இரண்டு எட்டுதான். எழுந்து போய், இதோ கீது கை என்று நீட்டினால் என்ன? நீட்ட முடியாது. இத்தா. அதற்கு முன்னால் மட்டும் நீட்டினேனா?

மறுநாளே பின்கட்டில் அடுப்பைப் பற்ற வைத்தேன். வாசலைத் தாண்டவில்லையே, என் வீட்டுக்குள்தானே செய்கிறேன் என்று எண்ணம். இரண்டு நாள் செய்தேன். இரண்டாம் நாள் வெள்ளிக்கிழமை. மத்தியானம் யாசீன் ஓத உறவுப் பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். நான் கை, முகம், கால் கழுவி ஒளூ செய்து, முக்காடு போட்டுக்கொண்டு நடுவில் உட்கார்ந்தேன். என் நாத்தனார், என் வீட்டுக்காரருடைய தங்கை, எனக்கு எதிரே இருந்தாள். ஓதி முடிக்கும் வரை பொறுத்தாள். முடித்ததும் மூக்கை உறிஞ்சினாள்.

"இன்னா அண்ணி, அத்தரு வாசன வருது?"

"அத்தரு இல்ல. சோம்பு."

"சோம்பா? யாருக்கு பிரியாணி?"

இரண்டு பேர் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. கிட்டே வந்து என் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். என்னைவிட வயதில் சின்னவள். அப்படி என் முகத்தை என் அம்மாகூடத் திருப்பினதில்லை.

"யா அல்லா! கன்னம் பூரா ஜிகினா! எங்கண்ணன் போயி இன்னும் ரெண்டு மாசங்கூட ஆவல. நீங்க இத்தாவுல கீறீங்களா, இல்ல சந்தனக்கூட்டுக்குப் போறீங்களா?"

தொட்டுப் பார்த்தேன். விரலில் பொன் துகள் ஒட்டியது. முகம் கழுவித்தான் இருந்தேன். ஆனால் ஜிகினா தண்ணீருக்குப் போகிற ஜாதி இல்லை. இரண்டு நாளாக அந்தக் கன்னத்தோடு தொழுதிருக்கிறேன், மருமகளிடம் சோறு வாங்கித் தின்றிருக்கிறேன். அவளுக்கு ஆயிரம் வேலை, என் முகத்தை யார் பார்த்தார்கள்? சுவரில் கண்ணாடி வெள்ளைத் துணிக்குள் இருந்தது.

"தவள செஞ்சேன்" என்றேன்.

"இன்னாது?"

"ரப்பர் தவள. கடைக்கு. நாந்தான் செய்யறது."

நாத்தனார் மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தாள். "பாவம், தொணை போனா புத்தி பெசகுது" என்று மெதுவாகச் சொன்னாள். அந்தப் பாவம் என்ற சொல்தான் எனக்கு ஜிகினாவை விடக் காந்தியது. நான் முதல் தடவையாக வாயைத் திறந்து சொன்னேன், ஒருத்தர்கூட அதை ஒரு சேதியாக எடுத்துக்கொள்ளவில்லை.

அன்று சாயங்காலமே மகன் வந்து நின்றான். அவன் அத்தை சொல்லிவிட்டுப் போயிருப்பாள்.

"அம்மா, ஜனங்க பேசும்மா. இத்தா முடியற வரைக்கும் விட்டுடு. நான் செஞ்சிக்கறேன்."

"நீயா?"

"போன்ல எல்லாம் வீடியோ கீதும்மா."

நான் செய்திருந்த நாலைந்து தவளையும் அதற்குள் கடையில் விற்றுப் போயிருந்தன. அச்சையும் இரண்டு டப்பாவையும் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனான். நான் தடுக்கவில்லை. தடுத்தால் சத்தம் வரும், சத்தம் திரையைத் தாண்டும்.

அப்புறம் வந்த நாட்களை எப்படி எழுதுவது? காலையில் சுவரின் மேல்வரிசைச் செங்கலில் வெயில் படும். அது இறங்கித் தொட்டிக்கு வரும்போது மத்தியானத்து லுஹர் பாங்கு. தொட்டியை விட்டு ஏறினால் சாயங்காலத்து அஸர். வெளியே பஸ்காரன் ஆரன் அடிப்பான், வெள்ளிமலை, வெள்ளிமலை என்று கூவுவான். கடையில் பேரம் நடக்கும். எல்லாம் காதுக்கு வரும், கண்ணுக்கு ஒன்றும் வராது. தொழுகை, தஸ்பீஹ் மணி உருட்டுவது போக மிச்ச நேரமெல்லாம் விரல் எதையாவது கிள்ளிக்கொண்டே இருந்தது. சேலை முந்தியைக் கிள்ளும், சப்பாத்தி மாவைக் கிள்ளும். இளசா முற்றலா என்று கேட்கும். ஒருநாள் என் காது மடலையே கிள்ளிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் எனக்குத் தோன்றியது, இத்தா என்பது நாலு மாதம் பத்து நாள் என்று சொல்கிறார்களே, நான் இந்தத் திரைக்குப் பின்னால் வந்து எத்தனையோ வருஷம் ஆயிற்றே, அதற்கு என்ன பேர்?

மாடியில் ஒருநாள் கருகல் வாசனை வந்தது. மருமகள் படியில் நின்று கத்தினாள்: "மாமி, உங்க புள்ள என் பால் குண்டான்ல தவளய காச்சிக்கினு கீறாரு! இனிமே அவரே அதுல டீ போட்டு குடிக்கட்டும்!" அத்தனை துக்கத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

இரண்டு நாள் கழித்து ஜீப்காரர் குரல். மகன் புதுத் தவளையைக் கொடுத்து அனுப்பியிருக்கிறான் போலிருக்கிறது. அதைக் கொண்டுவந்து பலகையில் போட்ட சத்தம் கேட்டது.

"பாய், இது தவள இல்ல. செருப்பு."

"ஏண்ணே?"

"காலு ஆடவே மாட்டேங்குது. கம்பு மாதிரி வருது. ரெண்டாவது வீச்சுல மூக்கும் கிழிஞ்சி போச்சி. நாந்தான் அப்பவே சொன்னனே, அது பெரிய பாய் கை. உட்டுடு பாய், பாவம், நீ இன்னா பண்ணுவ."

மறுபடியும் பாவம். நான் திரையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். துணியின் ஓரம் என் பிடியில் கசங்கியது. அது என் கை என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. வந்த இடத்திலேயே நின்றுவிட்டது.

அவர் போன பிறகு மகன் உள்ளே வந்தான். கையில் அச்சும் ஒரே ஒரு டப்பாவும் இருந்தன.

"இன்னொரு டப்பா எங்க?"

"எதுக்கு ரெண்டுன்னு ஒண்ணா கொட்டிட்டேம்மா."

டப்பாவைத் திறந்தேன். இளசும் முற்றலும் ஒன்றோடொன்று குழம்பிக் கிடந்தன. அவர் மவுத்தான வீட்டில் நான் சத்தம் போட்டு அழவில்லை. அன்று போட்டேன்.

"இன்னாம்மா, ரப்பர்தானே? கோச்சிக்காத. நீயே செய். எப்பிடியாவது செய். நான் அத்தைகிட்ட பேசிக்கறேன்."

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். "செய்யறேன். ஆனா யாரு செய்யறதுன்னு கடையில நீ சொல்லணும். சொல்ற வரைக்கும் அடுப்பப் பத்த வைக்க மாட்டேன்."

"அம்மா, அத்தா பேரு..."

"அத்தா பேரு கடைக்கு மேல போர்டுல இம்மாம்பெரிசா கீது. அதுல ஒரு எழுத்த எடுக்கச் சொன்னனா? தவள என்னுது."

அவன் அத்தா, என் வீட்டுக்காரர், சொன்ன அதே காரணம் அவன் நாக்கில் இருப்பது எனக்குத் தெரிந்தது. சொல்லவில்லை, அது வரைக்கும் நல்லது. பள்ளிவாசலுக்குப் போய் ஹஜ்ரத்திடம் கேட்டுவிட்டு வந்தான். வீட்டுக்குள் இருந்து கைத்தொழில் செய்வதில் தப்பே இல்லை, வாசனையும் மினுக்கும் மேலே படாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்று அவர் சொன்னாராம். மறுநாள் நாத்தனாருக்கும் அதைச் சொல்லிவிட்டான். அவள் போனில் என்ன சொன்னாளோ, என்னிடம் அவன் சொல்லவில்லை.

மூன்று நாள் அந்த டப்பாவோடு உட்கார்ந்தேன். ஒவ்வொரு துண்டாகக் கிள்ளி, இது இங்கே, அது அங்கே. அரிசியில் கல் பொறுக்குவதைவிடக் கொடுமை. கல்லைக் கண்ணால் பார்க்கலாம். இதை விரல்தான் பார்க்க வேண்டும். ஆனால் சொன்ன சொல்படி அடுப்பைத் தொடவில்லை.

நாலாம் நாள் ஜீப்காரர் வந்தார், கயிறு வாங்க. தவளையைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. மகன்தான் தொண்டையைச் செருமினான்.

"அண்ணே, தவள வரும்ணே. பழைய மாதிரியே."

"யாரு செய்யறாங்க?"

மகன் கயிற்றைச் சுற்றிக்கொண்டே, "வூட்ல செய்யறாங்க" என்றான்.

எனக்குப் பொறுக்கவில்லை. "வூடு செய்யுமாடா?" என்றேன்.

திரைக்கு இந்தப் பக்கத்திலிருந்துதான் சொன்னேன். ஆனால் நினைத்ததைவிடச் சத்தமாக விழுந்துவிட்டது. கடை அப்படியே நின்றுபோனது. என் குரல் அந்தக் கடைக்குள் போனது அதுதான் முதல் தடவை.

மகன் சொன்னான்: "எங்கம்மாண்ணே. இப்ப இல்ல, ஆரம்பத்துலருந்தே எங்கம்மாதான். எங்கத்தா செய்யல."

ஜீப்காரர் இப்போது திரையைப் பார்த்துப் பேசுகிறார் என்பது குரலில் தெரிந்தது.

"அம்மா, மன்னிச்சிக்கங்க. இத்தினி வருசமா ஆள் மாத்திக் கும்புட்டுக்கினு இருந்திருக்கேன்." பிறகு மகனிடம், "சரி பாய், அம்மாவுக்கு எப்ப முடியுதோ அப்ப வர்றேன். அவசரமில்ல."

"இல்லண்ணே, இப்பவே செய்யலாம். ஜிகினாவும் வாசனையும்தான் போட முடியாது."

"ஜிகினா இல்லாம விரா கடிக்குமா?"

அதே சந்தேகம் எனக்கும் இருந்தது. அந்தப் பொன் துகளில்தான் என் கைவண்ணம் இருக்கிறது என்று இத்தனை காலம் நம்பியிருந்தேன். அன்றே அடுப்பைப் பற்ற வைத்தேன். இளசைக் காலுக்கு ஊற்றினேன், முற்றலை உடம்புக்கு ஊற்றினேன். அச்சைப் பிரித்தால் ஒரு மினுக்கும் இல்லாத சேற்றுக் கருப்பு, என் வெள்ளைச் சேலைக்கு ஏற்ற ஜோடி. மோந்து பார்த்தால் வெறும் ரப்பர். கொடுத்து அனுப்பினேன்.

ஒரு வாரம் போல ஆகியிருக்கும். மகன் திரையை விலக்கி உள்ளே வந்து, செய்தித்தாளில் மடித்த ஒன்றை என் கையில் வைத்தான். "அம்மாகிட்ட குடுங்கன்னு குடுத்துட்டுப் போறாரு."

பிரித்தேன். என் தவளை. இடது கால் பாதிக்கு மேல் இல்லை. அறுந்த கால் துண்டு தனியாகக் கூடவே இருந்தது. தொடையில் வரிசையாகப் பல் பதிந்திருந்தது. மூக்கு கிழியவில்லை.

"எம்மாம்பெரிசு?" என்று கேட்டேன். மகன் இரண்டு கையையும் அகட்டிக் காட்டினான். ஜீப்காரர் காட்டிய அளவோ, இவனாகக் கூட்டியதோ தெரியாது.

சந்தோஷம்தான். கூடவே, அத்தனை வருஷம் தூவிய ஜிகினா வீணா என்று ஒரு குத்தலும் இருந்தது. மீன் அதைப் பார்க்கவே இல்லை. காலைத்தான் பார்த்திருக்கிறது.

அறுந்த துண்டைக் கிள்ளிப் பார்த்து இளசு டப்பாவில் போட்டேன். மிச்ச உடம்புக்கு நூல் கட்டித் தொட்டியில் விட்டேன். ஒற்றைக் காலோடும் பட்பட்டென்று அடித்துக்கொண்டு வந்தது. மகன் பார்த்துக்கொண்டு நின்றான். அவனும் அதுவரை பார்த்ததில்லை.

"அணையில இது எம்மாந்தூரம் ஓடும்?" என்று கேட்டேன்.

"கண்ணுக்கு எட்டற வரைக்கும் தண்ணிதாம்மா" என்றான். கடையில் யாரோ கூப்பிட்டார்கள், போய்விட்டான்.

என் தொட்டி மூன்று முழம். தவளை சுவரில் முட்டியதும் எடுத்து, மறுபடி இந்தக் கோடியில் விட்டு இழுத்தேன். இத்தா முடிய இன்னும் நாள் இருந்தது.